அம்மா முடி

பொம்மைக்கு முடி வைக்கிற வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் சிரிப்பார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு நொடி யோசிக்கிற மரியாதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு. என் மச்சினனுக்கு அதுவும் கிடையாது. "மாமா, பொம்மைக்குச் சவரமும் பண்ணுவீங்களா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்கு முன் நான் மில்லில் இருந்தவன். கலர் பஞ்சு கலக்கிற டிபார்ட்மெண்ட். ஒரு சாம்பல் நூல் வேண்டுமென்றால் சாம்பல் நிறச் சாயத்தில் முக்கினால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நல்ல சாம்பலுக்கு வெள்ளையும் கருப்பும் மட்டுமல்ல, ஒரு சிட்டிகை நீலம், அரைச் சிட்டிகை பழுப்பு எல்லாம் வேண்டும். எட்ட நின்று பார்த்தால் ஒரே நிறமாகவும், கிட்டே வந்தால் ஐந்து நிறமாகவும் தெரிந்தால்தான் துணிக்கு உயிர் வரும். பார்ட்டி கொண்டுவருகிற துண்டுத் துணியைப் பார்த்து, எது எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்வேன். பதினோரு வருஷம் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை சைக்கிளில் போனால் மில் கேட்டில் பூட்டு தொங்கியது. அது திறக்கவே இல்லை.

கணபதி ஏரியாவில் ஒரு அக்கா பொம்மை ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நாலு பெண்கள், இரண்டு மிஷின். கலர் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் சொல்லி, யார் யாரோ மூலமாக அந்தப் பேச்சு என் மனைவி காதுக்கு வந்து, அவள் என்னைத் துரத்திவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன், பாவம், அவளுக்கும் வேறு வழி இல்லை.

அந்தக் காலத்துப் பொம்மைகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணக் காரின் முன்னால் கட்டிவைப்பார்களே, அது. டிவி பக்கத்தில் ஷோகேஸில் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் நிற்குமே, அது. எல்லாவற்றுக்கும் மஞ்சள் முடி, நீலக் கண். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் பெரும்பாலும் அதுதான். ஆனால் ரேஸ்கோர்ஸ் பக்கத்து வசதியான வீடுகளிலிருந்து தனி ஆர்டர் வரும். மகளுடைய போட்டோவைக் கொடுத்து, இதே முடி, இதே நிறம், பிறந்தநாளைக்கு வேண்டும் என்பார்கள். அதற்குத்தான் நான்.

பொம்மைத் தலை மெத்தென்ற பி.வி.சி. உள்ளே வெறும் கூடு. வெந்நீரில் போட்டு இளக்கி, ஊசி மிஷினில் மாட்டி, உச்சியிலிருந்து வட்டம் வட்டமாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கொத்து நைலான் முடி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். எங்கள் பெண்கள் அதை நடவு என்பார்கள். வகிடு மட்டும் கையால் நட வேண்டும், மிஷின் போனால் கோணிவிடும். நடுவதற்கு முன்னால் கலப்பது என் வேலை. பம்பாயிலிருந்து பதினோரு நிறத்தில் கட்டுக் கட்டாக முடி வரும். தட்டான் தராசில் நிறுத்து, ஆணி அடித்த பலகையில் சேர்த்து இழுத்து இழுத்து, எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும்வரை கலப்பேன். கருப்பு என்று ஒரு நிறம் மனுஷர் தலையில் கிடையாது. நாலைந்து நிறங்கள் சேர்ந்து, எண்ணெயும் வெயிலும் பட்டு, தூரத்துக்குக் கருப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் ஒரு நர்ஸ் வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரர், பம்ப்செட் கம்பெனி நீலச் சட்டையில். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மாதான் உள்ளே வந்து எங்கள் அக்காவிடம் பேசினார். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. சவூதியில் இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. இன்னும் பதினெட்டு நாளில் விமானம்.

"பாப்பாவுக்கு மூணு வயசுங்க. தூக்கம் வந்தா என் ஜடையைப் பிரிச்சு ஒரு கொத்து எடுத்து விரல்ல சுத்திக்குவாளுங்க. அது இல்லாட்டித் தூங்க மாட்டா. எனக்கு நைட் டூட்டி போட்டா அன்னிக்கு அவளுக்கும் நைட் டூட்டிதானுங்க, அவங்கப்பா தோள்ல போட்டுட்டு நடந்துட்டே இருப்பாரு. ரெண்டு வருஷம் எப்புடிங்க அந்த மனுஷன் நடப்பாரு?" என்றார். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்தான், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. "என் முடி மாதிரியே ஒரு பொம்மைக்கு வெச்சுக் குடுங்க. மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்லீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் குழந்தை மேல் பரிதாபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வந்தது அந்த அம்மாவின் ஜடை மேல் ஒரு ஆசை. தொழில் ஆசை. இடுப்புக்குக் கீழே போகிற ஜடை, அடியில் ஏதோ ஒரு செம்பு நிறம் மின்னியது. எவனும் இதைக் கலக்க முடியாது, நான் கலந்து காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு சங்கடம். வெயிலில் பிரித்துப் பார்க்காமல் கலர் சொல்ல முடியாது. போட்டோவோடு வருகிறவர்கள் குழந்தைகளைக் கூட்டிவருவார்கள், அதில் பிரச்சனை இல்லை. இது கல்யாணமான பெண், நான் ஆம்பளை, வீட்டுக்காரர் வாசலில்.

"தப்பா நினைக்காதீங்க அம்மணி, வெயில்ல நின்னு ஜடையைக் கொஞ்சம் அவுக்கோணுங்க" என்றேன். இரண்டு மிஷினும் நின்றன. பெண்கள் நால்வரும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். வாசலில் நின்றவர் தெருப்பக்கம் திரும்பி, போகிற பஸ்ஸையெல்லாம் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் அக்காதான் அந்த அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், போலீஸ்காரர் மாதிரி நடுவில் நின்றுகொண்டார். நான் நாலடி தள்ளி நின்று, நைலான் கொத்துகளை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் கொடுக்க, அக்கா அதை வாங்கி அந்த முடியோடு வைத்துக் காட்ட, நான் தலையாட்ட. அரை மணி நேரம். பத்துக்கு ஆறு கருப்பு, இரண்டு கரும்பழுப்பு, ஒன்று நீலம் ஓடிய கருப்பு, முக்கால் காப்பிக்கொட்டை, கால் செம்பு. செம்பு நுனிக்கு மட்டும்.

"கலர்ல ஒரு குறை சொல்லுங்க, மீசையை எடுத்துடறேன்" என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா, "மீசை பத்திரமா இருக்குதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார்.

ஐந்தாம் நாள் பொம்மை தயார். அந்த அம்மா வந்து தன் ஜடை நுனியையும் பொம்மை முடியையும் சேர்த்துப் பிடித்தார். எது எது என்று அவருக்கே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். பொம்மை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. தாள் முழுக்க எண்ணெய்க் கறை. பிரித்தால், என் பொம்மை பாதி மொட்டை. கொத்துக் கொத்தாக முடி கழன்று தாளில் கிடந்தது, தலையில் வெறும் ஓட்டைகள், அதிலெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது.

"எண்ணெய் வெச்சீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. தேங்காய் எண்ணெய் வெச்சுச் சீவி விட்டேனுங்க."

"பொம்மைக்கு யாராவது எண்ணெய் வெப்பாங்களா? நைலானுங்க அது. வழுக்கிட்டு வெளிய வராம என்ன பண்ணும்?"

"பொம்பளப் புள்ளை தலையை எண்ணெய் இல்லாம எப்படிங்க வெக்கறது?" என்றார் அவர். உண்மையாகவே புரியாமல் கேட்டார். எங்கள் பெண்களில் ஒருத்தி தன்னை அறியாமல் "அதானே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நாள் உழைப்பு, கண் பூத்துப்போகப் பார்த்த கலர், எல்லாம் பத்து பைசா எண்ணெயில் போயிற்று என்று கத்தினேன். இந்த ஊரில் பொம்மை செய்வதற்குப் பதில் எண்ணெய்ச் செக்கு ஓட்டலாம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வீட்டுக்காரர் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தார். அக்கா என் பெயரைச் சொல்லி ஒரு அதட்டல் போட்டதும்தான் நிறுத்தினேன்.

பிறகு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். முதல் நாள் மத்தியானம் பாப்பாவைப் படுக்கவைத்துப் பொம்மையைக் கொடுத்தாராம். முடியைப் பிடித்த குழந்தை இரண்டே நிமிஷத்தில், "வழுக்குது" என்று தூக்கிப் போட்டுவிட்டது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் யோசித்து, தான் வைக்கிற அதே எண்ணெயை வைத்துச் சீவிக் கொடுத்திருக்கிறார். குழந்தை முகர்ந்து பார்த்தது. விரலில் சுற்றிக்கொண்டது. தூங்கிவிட்டது.

"அரை மணி நேரம் தூங்கினாளுங்க. அம்மா முடி இல்லாம அவ தூங்கினது அதான் முதல் தடவை. நான் கதவோரமா நின்னு பாத்துட்டே இருந்தேன்." தாளில் கிடந்த ஒரு கொத்தைக் கையில் எடுத்தார். "முழிச்சுப் பாத்தா கை நிறைய முடி. அம்மா முடியைப் புடுங்கிட்டேன், புடுங்கிட்டேன்னு கத்தி அழுது, ஓடி வந்து என் தலையைத் தடவித் தடவிப் பாத்தாளுங்க. ரத்தம் வருதான்னு கேட்டா."

எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. கண்ணாலேயே நிறம் சொல்வேன் என்று மார் தட்டியவன், அந்தக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டுதான் முடியைப் பிடிக்கும் என்பதை யோசிக்கவே இல்லை. முட்டாள்தனம் அந்த அம்மாவுடையது இல்லை. என்னுடையது. எண்ணெய் வைத்ததுதான் சரி, எண்ணெய் தாங்காத தலையைக் கொடுத்தது தப்பு. இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பாக்கலாங்க" என்று ஒரு வார்த்தைதான்.

பத்து நாள் இருந்தது. உள்ளே வேரைப் பிடித்துவைக்க என்ன செய்வது? கடையில் இருந்த பசைகளையெல்லாம் கழுத்து ஓட்டை வழியாகத் தடவிப் பார்த்தேன். எண்ணெய் பட்டதும் எல்லாம் இளகிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. பொம்மை என்ன ஆயிற்று என்று பார்க்க ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் வந்தவர், தலையை வாங்கி விரலால் அழுத்தினார்.

"ஏனுங்க, இது பி.வி.சி. தானுங்களே? போர்வெல் பைப்புக்குப் போடற பசை போட்டா நிக்குமுங்களா? அது ஒட்டறது இல்லீங்க, உருக்கி ஒண்ணாக்கிப்போடும். எண்ணெய், தண்ணி எதுக்கும் அசையாது."

பைப் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தோம். முதல் தலைக்குள் தாராளமாக ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் மூக்கு உள்ளே போய், நெற்றி தொங்கி, பார்க்கவே பயங்கரமாக ஆயிற்று. அக்கா, "இன்னொரு தலைதான் தருவேன் தம்பி, அதுக்கடுத்தது என் தலையைத்தான் உருக்கோணும்" என்றார். இரண்டாவது தலைக்கு, காது குடைகிற குச்சியில் பஞ்சு சுற்றி, தொட்டுத் தொட்டு, வேர் இருக்கிற இடத்தில் மட்டும் பூசினேன். பிடித்து இழுத்தால் தலையே கூட வந்தது, முடி வரவில்லை.

கலப்பையும் மாற்றினேன். நான் முதலில் நிறம் பார்த்தது எண்ணெய் வைத்த ஜடையில். அந்த நிறத்தில் நைலானைக் கலந்து, அதன்மேல் மறுபடியும் எண்ணெய் வைத்தால் இருட்டிப் போகாதா? கருப்பை ஐந்தாகக் குறைத்து, கரும்பழுப்பை மூன்றாக்கினேன். மெல்லிய முடியோடு முரட்டு முடியையும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தேன், விரலுக்குக் கொஞ்சம் பிடிப்பு கிடைக்க. கண்ணை மூடிக்கொண்டு விரலில் சுற்றிப் பார்ப்பேன், திருப்தி இல்லாமல் மறுபடி பலகைக்குப் போவேன். என் மனைவியின் முடியை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தேன். "பதினாலு வருஷத்துல இதுவே முதல் தடவை" என்றாள் அவள்.

பசை வாடை போக மூன்று நாள் வெயிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம். தெருவில் போகிறவர்கள் கண்ணேறுக்கு என்று நினைத்தார்கள். விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பொம்மை போயிற்று. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, இறங்காமலேயே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு மணி நேரம் தூங்கினாளுங்க. ஒரு முடி வரலீங்க."

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அந்த அம்மா போய்விட்டார். குழந்தை பகலில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை வீட்டில், சாயங்காலம் அப்பாவோடு. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் பொம்மையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார். வேர் கழன்றதில்லை. ஆனால் முடி தேய்ந்து அறுந்துபோகும், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில், இடது காதுக்குப் பின்னால். அந்தக் குழந்தையின் வலதுகை விரல் போகிற இடம். காலையில் கொண்டுவந்தால் மத்தியானத் தூக்கத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார், நான் நடுவேன். முதலில் ஒன்றும் பேச மாட்டார். மூன்றாவது தடவையிலிருந்து பேச ஆரம்பித்தார்.

பாப்பா அதைப் பொம்மை என்று சொல்வதில்லையாம். அதற்குப் பேர் வைக்கவில்லை, சட்டை மாற்றுவதில்லை, அதோடு விளையாடுவதும் இல்லை. அம்மா முடி என்பாளாம். "அப்பா, அம்மா முடியைக் காணோம்." "அம்மா முடி அத்தை ஊட்டுல இருக்குது." வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்கு அம்மாவின் அழைப்பு வரும்போதும் கையில் அது இருக்குமாம். கண் பெயிண்ட் போய், உதடு போய், ஒரு கை போய்விட்டது. நான் புதுக் கை மாட்டித் தருகிறேன் என்றேன். "வேண்டாங்க, அவ கவனிக்கவே இல்லை" என்றார்.

நிறத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மில் பழக்கத்தில் கலப்பு அளவை ஒரு அட்டையில் எழுதி, ஒரு கொத்து முடியைக் கட்டிவைத்திருந்தேன். ஒருமுறை பம்பாயிலிருந்து வந்த கரும்பழுப்பு சற்றுச் சிவந்திருந்தது. அதைச் சரிகட்ட ஒரு முழுக் காலை ஓடிவிட்டது. "அந்தக் குழந்தை கண்ணை மூடிட்டுத்தானே புடிக்குது தம்பி" என்றார் அக்கா. "நான் கண்ணை மூடிட்டு வேலை பாக்கறதில்லீங்கக்கா" என்றேன். வீம்புதான். ஆனால் அந்த முடி ஒரு ஆள் ஊரில் இல்லாதபோது அவருக்குப் பதிலாக இருக்கிறது, அதில் நான் கை வைத்து மாற்றக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. அந்தக் குழந்தையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இருந்தும் சில நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, இந்நேரம் தூங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருஷம் முடிந்து ஒரு காலை அந்த அம்மா தனியாக வந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முக்காடு மாதிரி புடவைத் தலைப்பைப் போட்டிருந்தார். இளைத்திருந்தார். அதே துணிப்பையிலிருந்து பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வந்துட்டீங்களா அம்மணி? இனி இதுக்கு வேலை இல்லீங்களே" என்றேன், சந்தோஷமாக. என் வாயில் சனி.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வந்து இருபது நாளாச்சுங்கண்ணா. பாப்பா நல்லா ஒட்டிக்கிட்டா. சோறு ஊட்டுனா தின்னுக்கறா, எங்க போனாலும் கூடவே வாரா. ஒரு குறையும் இல்லீங்க. வந்த அன்னிக்குப் பக்கத்துல படுத்தா. நான் ஜடையைப் பிரிச்சுக் குடுத்தேன். ரெண்டு வருஷமா நான் அதைத்தானே நெனச்சுட்டுக் கெடந்தேன். புடிச்சா. விரல்ல சுத்துனா. அப்புறம், 'இது அம்மா முடி இல்லை'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயி இதை எடுத்துட்டு வந்தாளுங்க." அவர் பொம்மையின் தலையைத் தொட்டார். "வந்து எம் பக்கத்துலதான் படுத்தா. அதைச் சொல்லோணும். எம் பக்கத்துலதான் படுத்துத் தூங்கினா."

தலைப்பு நழுவியிருந்தது. கடல்தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிற தண்ணீராம் அங்கே. அந்த ஜடை பாதியாகிப்போயிருந்தது. வறண்டு, சிவந்து, காதோரம் வெள்ளை. நான் வெயிலில் நாலடி தள்ளி நின்று பார்த்த முடி அவர் தலையில் இல்லை. அது என் மேஜை மேல்தான் இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சவூதித் தண்ணீர் மேலா, என் கெட்டிக்காரத்தனத்தின் மேலா? இவ்வளவு அச்சு அசலாகச் செய்யாமல் இருந்திருந்தால் குழந்தைக்கு எப்போதோ அலுத்துப்போயிருக்கும். அம்மா வந்ததும் அம்மாவிடமே போயிருக்கும். பிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்ததும் நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அம்மணி, ஒரு வழி இருக்குதுங்க. இப்ப உங்க முடி இருக்கற நிறத்துக்கு, இந்தப் பதத்துக்கு, நான் கலக்கறேன். ஒரே நாள்ல மாத்த வேண்டாம். வாரம் ரெண்டு வரிசை. பாப்பாவுக்குத் தெரியாமலே இது உங்க முடியா மாறிப்போகும். அப்புறம் உங்க ஜடையைப் புடிச்சா அவளுக்கு வித்தியாசமே தெரியாதுங்க. வெள்ளை முடியும் போடறேன், எங்கிட்ட வெள்ளை இருக்குது."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன். தன் ஜடை நுனியை எடுத்து மேஜை மேல் வைத்து, பொம்மை முடிக்குப் பக்கத்தில் நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜடையைப் பின்னால் போட்டுக்கொண்டார்.

"வேண்டாங்கண்ணா."

"ஏனுங்க?"

"அடுத்த மாசம் மறுபடி போறேனுங்க. இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்துட்டேன். ஊடு பாதியில நிக்குது." அவர் குரல் உடையவில்லை. நர்ஸ் அல்லவா, எத்தனை பேரிடம் எத்தனை செய்தி சொன்ன குரல். "இதை மாத்தி அவளை எங்கிட்டத் திருப்பிப்போட்டு, நான் பாட்டுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போனா, மறுக்கா அவ தூங்காம அழுவா. அதுக்கு இதே இருக்கட்டுங்க. அதே பழைய கலரே போடுங்க. இந்தத் தலை சல்லடையாப் போச்சு, புதுத் தலையில வெச்சு, நல்லா இறுக்கி வேர் புடிக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. ரெண்டு வருஷம் தாங்கோணும்."

எங்கள் பெண்களில் மூத்தவள் மிஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அட்டையை எடுத்துவைத்து, அளவுப்படி நிறுத்து, ஆணிப் பலகையில் இழுக்க ஆரம்பித்தேன். அவர் போகவில்லை. மத்தியானத்துக்குள் கொண்டுபோக வேண்டுமே, அதனால் வீட்டுக்காரர் உட்காருகிற அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

புதுத் தலைக்கு நட்டு முடித்துப் பசை தொட்டுவைத்தேன். வாடை போக அது மூன்று நாள் வெயிலில் தொங்க வேண்டும். அன்றைக்கு மத்தியானத்துக்கு மட்டும் பழைய தலையிலேயே காதுக்குப் பின்னால் நாலு வரிசை நட்டுக் கொடுக்கிறேன், புதியதை வார முடிவில் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அதற்காகத் தேய்ந்துபோன பழைய கொத்துகளைக் கத்தரித்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஏறி ஏறிப் பிசுபிசுத்து, நுனி பிய்ந்து, சுருள் சுருளாக விழுந்தது. நேராக இருந்த நைலான், அந்தச் சின்ன விரல் சுற்றிச் சுற்றி அப்படிச் சுருண்டிருந்தது.

அவர் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சுருளாகப் பொறுக்கினார். அக்கா, "விடுங்க கண்ணு, நாங்க கூட்டிக்கறோம்" என்றார். அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, கைக்குட்டையில் வைத்து முடிச்சுப்போட்டு, கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"அங்க ரூம்ல வெச்சுக்கறேனுங்கண்ணா. நானும் தூங்கோணுமில்லீங்க."